வியன்னாவில் ஒரு கச்சேரி அலுவல்

1

என் கணவருடைய ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாம் வருடத் திவசத்துக்கு, ஒரு கிழமை இருக்கும்போது மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடையொன்றில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். குவியலுக்கு அந்தப் பக்கம் புவனா நின்றாள். இவருடைய ஊர்க்காரி, தூரத்துச் சொந்தமும்கூட. என்னைக் கண்டதும் முகத்தைச் செத்தவீட்டு முகமாக மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வியன்னாவிலை கச்சேரி அலுவல் எல்லாம் முடிஞ்சுதோ அக்கா?"

எனக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊரில் ஒரு ஆளாவது அதைப் பற்றி விசாரிக்கிறாளே என்று நினைத்தேன். கச்சேரி அருமை, ஆம்ஸ்டர்டாமுக்கும் பரிஸுக்கும்கூடப் போய்வந்தேன், மனம் நிறைந்துவிட்டது என்று சொன்னேன். புவனா ஒரு கத்தரிக்காயைக் கையில் வைத்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு, அப்படியென்றால் பென்சன் தருவார்களா, அவருடைய பழைய பதிவுகள் அங்கே அகப்பட்டதா என்று கேட்டாள். பரிஸில் இருக்கும் இவருடைய அக்கா, என் மச்சாள்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறா. தம்பியின் மனுசி பாவம், அவன் போன பிறகும் அவனுடைய கடுதாசிகளுக்காக நாடு நாடாகக் கச்சேரிப் படி ஏறி இறங்குகிறாள் என்று.

நான் பிறகு கத்தரிக்காய் வாங்கவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று முதலில் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைக்குக் கச்சேரி என்றால் முதலில் அரசாங்க அலுவலகம். காணி அலுவல், அனுமதிப் பத்திரம், கையெழுத்து, முத்திரை, வெயிலில் வரிசை, கடைசியில் நாளைக்கு வா என்ற பதில், எல்லாம் சேர்ந்ததுதான் கச்சேரி. இசையைச் சொல்வதென்றால் பாட்டுக் கச்சேரி, மேளக் கச்சேரி என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். நான் சேர்க்கவில்லை. மொட்டையாகக் கச்சேரி என்றுவிட்டேன். அந்த ஒரு சொல் போனவருடம் முழுவதும் எனக்குக் கிடைக்காத நல்ல பெயரை ஒரு தொலைபேசி அழைப்பில் வாங்கித் தந்துவிட்டது.

ஆகவே நேரே சொல்லிவிடுகிறேன். நான் ஐரோப்பாவுக்கு இசை கேட்கப் போனேன், ஓவியம் பார்க்கப் போனேன். கணவர் கண்ணை மூடி வருடம் முடியாத ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை, அறுபது வயதில், தனியாக, கலியாண வீடோ சாமத்திய வீடோ செத்தவீடோ ஒன்றும் இல்லாமல், வெறுமனே ரசிக்கப் போனாள். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

2

இந்த மேற்கத்திய சாஸ்திரிய இசை எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலை யாரும் நம்புவதில்லை. பிரெஞ்சு படிக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்புக்குப் போவேன். வானொலி கேளுங்கள், காது பழகும் என்று ஆசிரியை சொன்னா. செய்திக்காரர்கள் ரயில் ஓட்டினார்கள். பகிடிக்காரர்கள் சொன்னதற்கு அவர்களே சிரித்தார்கள். ஒரேயொரு நிலையத்தில் மட்டும் அறிவிப்பாளர் நிறுத்தி, தெளிவாக, எனக்காகவே கதைப்பதுபோலக் கதைத்தார். அவருடைய பேச்சுக்காகத்தான் கேட்டேன். இடையில் வந்த இசையைப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் கதைக்கத் தொடங்கியதும், இந்த மனிதன் வாயை மூடினால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது.

இதனால் என் பிரெஞ்சு ஒரு விசித்திரப் பிறவி. ஊதுகுழல் வகைகளுக்கெல்லாம் எனக்குச் சொல் தெரியும், சமையலறைக் குழாய் அடைத்தால் சொல்லத் தெரியாது. ஒருமுறை அப்படி அடைத்தபோது வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, தண்ணீர் ஆழ்ந்த துயரத்தோடு மிக மெதுவாக இறங்குகிறது என்றேன்.  பிறகு, மேடம், நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று அந்த மனிதர் கவலையோடு கேட்டார்.

இவருக்கு இந்த இசை கண்ணிலும் காட்டக்கூடாது. காரில் வயலின் தொடங்கினால், உந்தக் கதவுக்கு எண்ணெய் விட ஒருத்தரும் இல்லையோ என்பார். வேலைக்குப் போகும்போது என் வானொலி, திரும்பும்போது அவருடைய தமிழ்ச் செய்தி என்று பாகம் பிரித்திருந்தோம். ஒருமுறை மட்டும் மொன்றியலில் ஒரு தேவாலயக் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தொடங்கியதும் மரியாதையாக நித்திரை கொண்டார். இடைவேளைக் கைதட்டலில் விழித்து, எல்லோரையும் விடப் பலமாகத் தட்டி, முடிந்ததென்று நினைத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த முகத்தைப் பார்த்து இன்னும் பாதி இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நல்ல மனிதர். அவர் இல்லாத வீடு இன்றைக்கும் எனக்குக் கொடுமைதான். ஆனால் அந்த இசை அவருடையது அல்ல, என்னுடையது. இரண்டையும் குழப்ப நான் தயாரில்லை.

பாதியில் எழுந்து வருவது எனக்குப் புதிதும் அல்ல. ஊரில் எங்கள் கோயில் திருவிழாவில் மேளக் கச்சேரி நடக்கும். நாதஸ்வரக்காரர் ராகத்தைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, இனித்தான் விஷயம் இருக்கிறது என்ற இடத்துக்கு வரும்போது அம்மா என் தோளில் தட்டுவார். பெண்பிள்ளைகள் நேரத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும். தம்பிமார் இருந்து கேட்டுவிட்டு வந்து, விட்டு விளாசினார் அக்கா என்பார்கள். ராகத்தின் மிச்சத்தை வாயால் சொல்ல முடியுமா? பிறகு சண்டை வந்தது, ஊரைவிட்டு வெளியேற அனுமதிக்காகக் கச்சேரி வரிசையில் நின்றேன், கனடா வந்தேன், பிள்ளை, இரண்டு வேலை. எந்த இசையையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே இடத்தில் இருந்து நான் கேட்டதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

3

வியன்னா, ஆம்ஸ்டர்டாம், பரிஸ். நான் தெரிவுசெய்த நகரங்களும், கனடாவுக்கு வருமுன் இவர் அகதியாக அலைந்த நகரங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. வியன்னாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்கு உரித்தார், பிறகு ஒல்லாந்து, பிறகு பரிஸில் அக்கா வீடு. மச்சாளுக்குச் சந்தேகம் வராமல் போனதற்கு இதுதான் காரணம். நல்ல இசை அந்த ஊர்களில் இருந்தது, எங்கள் பெடியன்களையும் ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் அந்த ஊர்களில்தான் இறக்கிவிட்டான். அவ்வளவுதான் தொடர்பு.

வியன்னா விமான நிலையத்தில் அதிகாரி என்ன நோக்கம் என்று கேட்டார். இசை என்றேன். இசைக்கலைஞரா என்றார். இல்லை, கேட்கிறவள் என்றேன். யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்றார். யார் வீட்டிலும் இல்லை, ஹோட்டல் என்றேன். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஹோட்டலில் நிற்பது சொந்தக்காரர் முகத்தில் கரி பூசுவதற்குச் சமம். அந்த மனிதருக்கு அது தெரியாது. முத்திரையைக் குத்தி, நல்ல கச்சேரிகள் இருக்கின்றன என்று ஒரு மண்டபத்தின் பெயரையும் சொல்லி அனுப்பினார்.

கச்சேரிக்கு மெரூன் சேலை கட்டினேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

நாலு பேர், நாலு தந்தி வாத்தியம். இசையமைத்தவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நான் கேட்டதை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்வீர்கள். தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. பக்கத்துக் கிழவி கையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. கையை நிறுத்திப் பார்த்தேன், கால்விரல் தொடங்கியது. சப்பாத்துக்குள் நடப்பதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

மெதுவான பகுதி வந்தது. தாளம் போடவும் இடமில்லாத மெதுவு. பெரிய வயலின் ஒன்றைச் சொல்லத் தொடங்கும், சின்னது அதை முடிக்கவிடாமல் வாங்கிக்கொண்டு போகும், போய் ஒரு இடத்தில் நின்றுவிடும். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி என்ன என்று அவர்களுக்கே தெரியாதது போல இருந்தது. அந்த நேரம் முழுவதும் இவரை நான் நினைக்கவில்லை. செத்தவீடு நடந்த நாளிலிருந்து அவரை நினைக்காமல் நான் ஒரு தேத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அன்றைக்கு மறந்திருந்தேன். முடிந்த பிறகுதான் மறந்தது தெரிந்தது. வெட்கப்படவேண்டும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். வெட்கம் வரவில்லை. பதிலாக, யாரும் என் தோளில் தட்டவில்லை என்ற நினைப்புத்தான் வந்தது. சனம் எல்லாம் போன பிறகும் கதிரையில் இருந்தேன். கதவு பூட்ட வந்த பிள்ளை சாவியோடு வாசலில் காத்து நின்றது.

4

ஆம்ஸ்டர்டாமில் ஒரு மீன்.

பெரிய ஓவியங்களுக்கு முன்னால் சனம் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் படம். மேசை, தகரத் தட்டு, பாதி தோல் சீவிய எலுமிச்சை, ஒரு மீன். நான் மீன் வாங்கிப் பழகியவள். முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். கண் பளிச்சென்று இருந்தது. பாரைக் குடும்பமாக்கும் என்று நினைத்தேன், இல்லாமலும் இருக்கலாம். செதில் காயாத ஈரம். எத்தனையோ தலைமுறைக்கு முன் பிடித்த மீன், இன்றைக்கும் வாங்கலாம் போல இருந்தது. வரைந்தவன் அந்த மீனைச் சமைக்க விட்டானா, அல்லது நாறும்வரை வைத்திருந்து வரைந்தானா, வீட்டுக்காரி என்ன சொல்லியிருப்பாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

காவலாளி இரண்டு தரம் வந்து பார்த்தார். மூன்றாம் தரம் பக்கத்தில் வந்து, தண்ணீர் வேண்டுமா, யாரையாவது தவறவிட்டுவிட்டீர்களா என்று கேட்டார். சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை அவ்வளவு நேரம் ஒரு இடத்தில் இருந்தால் சுகமில்லாமல் இருக்கவேண்டும், அல்லது தொலைந்துபோயிருக்கவேண்டும். படம் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், ஆனால் அந்த அறையை விட்டுப் போகவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

5

பரிஸிலும் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு, கடைசி நாள் மச்சாள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் இவருடைய மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவ. மொன்றியலில் இருந்து புறப்படுமுன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்: வியன்னாவில் கச்சேரி, பிறகு ஆம்ஸ்டர்டாம், பிறகு பரிஸிலும் ஒரு கச்சேரி இருக்கிறது, அதை முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன் என்று. பெரிய வெடி வெடிக்கும் என்று காத்திருந்தேன். மச்சாள் பெருமூச்சு விட்டு, சரி, கவனமாய்ப் போட்டு வாரும் என்றா. அந்த நிமிடத்தில் மச்சாள் மேல் எனக்கு வந்த அன்பைச் சொல்லி முடியாது.

வீட்டில் கத்தரிக்காய்ப் பால்கறியும் மீன் குழம்பும் வைத்திருந்தா. பக்கத்தில் இருந்து பரிமாறினா.

"கச்சேரி எப்பிடிப் போச்சுது?"

"நல்லாப் போச்சுது மச்சாள். ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தன்."

"அங்கை அப்பிடித்தான். இருத்தி வைச்சிடுவாங்கள். வாய் திறந்து கதைக்கவும் விடாங்கள்."

"ஓம், இருமவும் பயமாக் கிடந்தது."

"தம்பி இருந்திருந்தா உம்மைத் தனிய அலைய விட்டிருக்கமாட்டான்."

"இனித் தனியத்தானே மச்சாள்."

"ஓம். அதுக்காக விட ஏலுமோ. போகத்தான் வேணும். ஆர் என்ன சொன்னாலும் நீர் யோசியாதையும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக மச்சாளைக் கடும்போக்கு என்று நினைத்திருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். விமானத்தில் வரும்போது, ஆர் என்ன சொன்னாலும் நீர் யோசியாதையும் என்பதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் பிரயாணத்தில் கேட்டவற்றிலேயே இனிமையானது அதுதான் என்று நினைத்தேன்.

அந்தச் சொல் எனக்கு வந்தது அல்ல, கடுதாசி தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு பாவப்பட்ட மனுசிக்கு வந்தது என்பது கத்தரிக்காய்க் குவியலடியில்தான் தெரிந்தது.

6

ஆரணி என் ஒரே பிள்ளை. மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் இருக்கிறாள். நான் தமிழில் கதைப்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப்போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கண்ணீர் விட்டு எழுதுவார்கள். என் பிள்ளை விலகவில்லை, காவலுக்கு வந்து நின்றாள்.

நான் பயணம் புறப்படும்போதே தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டங்களுக்குப் போகக்கூடாதாமே அம்மா என்றவள். திவசம் என்று தமிழில் எழுதத் தெரியாத பிள்ளை எனக்குத் துடக்கு தீட்டுச் சட்டம் படிப்பித்தாள். கோபம் வந்தது, ஆனால் அவளுக்கும் தகப்பன் செத்திருக்கிறார். தகப்பனுக்கு ஒன்றும் குறைந்துவிடக்கூடாது என்ற பயம், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அகப்பட்டதைப் பிடிக்கிறாள். அது எனக்கு விளங்கியது.

கடையில் புவனா கேட்டதை நான் சொன்னதும் ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று, அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள். பரிஸ் அத்தை திவசத்துக்கு வருகிறா, வயதானவ, எதற்கு மனம் நோகவேண்டும். நான் முடியாது என்றேன். பொய்யை நான் சொல்லவில்லை, ஆனால் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என் பொய்தானே. அவள் யோசித்தாள். அவளுடைய அலுவலகத்தில் இப்படியான சிக்கல்களைத் தீர்ப்பதுதான் வேலை. கடைசியில் தமிழுக்கு மாறினாள். எதையாவது சாதிக்கவேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும்.

"அப்பா முந்தி இருந்த இடமெல்லாம் பார்க்கப் போனனான் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்."

உண்மைதான், சொல்லமாட்டார்கள். நினைவு தேடிப் போன மனைவி என்று தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆனால் இவர் இருந்த அகதி முகாமை நான் தேடிப் போகவில்லை. அவர் உருளைக்கிழங்கு உரித்த கடை எந்தத் தெருவில் என்றுகூட விசாரிக்கவில்லை. அவரே அந்த ஊரை நினைக்க விரும்பியதில்லை. என் வாழ்க்கையில் எதை விரும்பினாலும் அதற்கு ஒரு காரணம் காட்டித்தான் செய்திருக்கிறேன். பிரெஞ்சு படித்தது வேலைக்கு, வேலை செய்தது பிள்ளைக்கு, கோயிலுக்குப் போனது இவருடைய சுகத்துக்கு. இந்த ஒன்றுக்காவது காரணம் காட்டாமல் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் பிரெஞ்சுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

7

திவசத்தன்று ஐயர் முடித்துக்கொண்டு போன பிறகு பந்தி. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் கதிரை, சோபா, கட்டில் விளிம்பு என்று எல்லா இடத்திலும் ஆட்கள். இவருடைய பக்கத்துச் சனந்தான் கூட. மச்சாள் நடுவில் இருந்தா. இரண்டு நாளாக ஆரணியும் அவவும் பிரெஞ்சில் கதைத்து, உன்னுடையது பட்டிக்காட்டுப் பிரெஞ்சு என்று ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கும் விருப்பமில்லை.

நான் பாயசம் கொண்டுவரும்போது மச்சாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா, இவள் இல்லாவிட்டால் என் தம்பியின் அலுவல் ஒன்றும் நடக்காது, கச்சேரி கச்சேரியாக அலைந்தவள் என்று. எல்லோரும் இச்சுக்கொட்டினார்கள். புவனா என்னைப் பார்த்துத் தலையைச் சரித்து இரங்கினாள். ஆரணி சமையலறை வாசலில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"மச்சாள், அது அந்தக் கச்சேரி இல்லை. பாட்டுக் கச்சேரி. வயலின்."

கட்டில் பக்கம் இருந்த ஒரு பெரியவர், எந்தப் பாட்டுக்காரர் வியன்னாவுக்கு வந்தவர் என்று ஆவலாகக் கேட்டார். எங்கள் ஆட்கள் இல்லை, வெள்ளைக்காரர் என்றேன். அவருடைய ஆவல் அடங்கிவிட்டது. மற்ற எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். மச்சாளுடைய முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பரிஸில் நாங்கள் கதைத்த ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறா என்று எனக்குத் தெரிந்தது. நானும் கத்தரிக்காய்க் கடையில் அதைத்தானே செய்தேன்.

"தம்பி கண்ணை மூடி வரியம் முடிய முந்தியோ?"

"ஓம் மச்சாள்."

ஆரணி குறுக்கே வந்து, அப்பா இருந்த இடங்கள் என்றபடியால்தான் அம்மா, என்று தொடங்கினாள். தன்னுடைய நல்ல தமிழில், என்னைக் காப்பாற்ற. அவளை அணைத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. ஆனாலும் இல்லை என்றேன். அப்பாவுக்காகப் போகவில்லை, எனக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது, போனேன் என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரத்துக் கேட்டது.

மச்சாள் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தா. திட்டுவா என்று நினைத்தேன், திட்டியிருந்தால் சுகம். நிமிர்ந்தபோது அவவுடைய கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அந்தக் கடும்போக்கு மனுசி, இத்தனை சனத்துக்கு முன்னால், எனக்குக் கடைசியாக ஒரு வாசலைத் திறந்துவிட்டா.

"அங்கை இருந்து அழுதனீரோ?"

ஓம் என்று சொன்னால் போதும். மச்சாளும் அழுவா, நானும் அழுவேன், கச்சேரியும் ஒரு வகைத் திவசமாகிவிடும், எல்லோரும் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் நான் அழாத நாள் இல்லை. அதை மச்சாளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவ கேட்டது வியன்னாவைப் பற்றி.

"இல்லை மச்சாள். சந்தோஷமா இருந்தன்."

மச்சாள் கையை இலைக்கு மேலே விரித்து மறித்தா, பாயசம் வேண்டாம் என்று. நான் அடுத்தவருக்குப் போனேன். அவருக்கு ஒரு கரண்டி நிறைய ஊற்றினேன்.